ஐந்தாவது நட்டு

டக் என்று ஒரு தடவைதான் கேட்க வேண்டும். இரண்டு தடவை கேட்டது.

கறார் சார் டார்க் ரெஞ்சின் பிடியை விடாமல் வண்டிச் சக்கரத்தின் முன்னால் குந்தியபடியே இருந்தார். நட்டு வேண்டிய அளவுக்கு இறுகியிருந்தால் அந்த ரெஞ்ச் டக் என்று ஒரு சத்தம் கொடுக்கும், போதும் நிறுத்து என்று அதற்கு அர்த்தம். அவர் கையில் இருந்த ரெஞ்ச் அந்தச் சத்தத்தைக் கொடுத்துவிட்டது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, கீழ்த்தளத்தின் அந்தக் கோடியில், தூண்களுக்கெல்லாம் பின்னாலிருந்து இன்னொரு டக் வந்தது. அதே கனம், அதே குரல்.

"ஹும்" என்று மூக்கால் ஒரு சத்தம் விட்டார்.

அடுத்தவன் செய்த வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே தொழிற்சாலையில் காலமெல்லாம் சம்பளம் வாங்கியவர் அவர். கறார் என்ற பெயர் அங்கே வைத்ததுதான். வைத்தவர்கள் வயிற்றெரிச்சலில் வைத்தார்கள், இவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். இந்த ஹும் அவருடைய சொத்து. மகள் முதன்முதலாக வரைந்து காட்டிய படத்துக்கு ஒரு ஹும். மனைவி இறந்த அன்று டாக்டர் சொன்ன காரணத்துக்கு ஒரு ஹும். இப்போது எதிரொலிக்கும் ஒன்று போட்டார். கூரையை ஒழுங்காகக் கட்டத் தெரிந்த கொத்தனாராக இருந்தால் எதிரொலி எதற்கு வரப்போகிறது என்று நினைத்தார்.

மேலே பட்டப்பகல். வண்டிகள் நிற்கிற இந்தக் கீழ்த்தளத்துக்கு அது தெரியாது. ஈரச் சிமெண்டும் பழைய டயரும் யாரோ சிந்திய எண்ணெயும் கலந்த வாடை, எங்கேயோ ஒரு குழாய் சொட்டுகிற சத்தம், தூணுக்குத் தூண் தொங்கும் வெள்ளை விளக்குகள், அவற்றுக்கு நடுவே துணி போட்டு மூடிய வண்டிகள் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி வரிசையாக நின்றன. அந்த விளக்குகள் ஆள் அசைந்தால்தான் எரியும், அசையாமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று குடியிருப்புச் சங்கத்துக்காரர்கள் மாட்டியது. "நான் இங்க இருக்கேன்னு ஒரு பல்பு ஒத்துக்கணுமா?" என்று கூட்டத்திலேயே கேட்டவர் கறார் சார். அவருக்குப் பதில் சொல்வதை எல்லாரும் நிறுத்தி ரொம்ப நாளாகிவிட்டது.

இன்று அவர் கீழே வந்தது மாப்பிள்ளையின் முகத்திரையைக் கிழிக்க.

விஷயம் இதுதான். மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் இன்றைக்கு இந்த வண்டியில் மலையிறங்கிப் போகிறார்கள். அடிவாரத்து ஊரில் மாப்பிள்ளை சொந்தமாக ஒரு பேக்கரி திறக்கிறார். வண்டி கறார் சாருடையது, மகளுக்கென்று கொடுத்துவிட்டார். கொடுப்பதற்கு முன்னால் தானே ஒருமுறை நட்டுகளை முறுக்கிப் பார்த்தபோது, முன்பக்க இடது சக்கரத்தில் ஒரு ஸ்டட் முறிந்துபோனது. ஸ்டட் என்பது சக்கரத்தைத் தாங்குகிற ஹப்பில் பின்பக்கமாகச் செருகி உட்கார வைக்கிற திருகாணி. அதில்தான் சக்கரத்தை மாட்டி நட்டுப் போடுகிறோம். டக் என்று கேட்டதும் நிறுத்துகிற பழக்கம் கறார் சாருக்கு இல்லை. சத்தம் மடையர்களுக்கு, தெரிந்தவன் அதற்கு மேல் தன் பங்குக்கு ஓர் அழுத்து அழுத்துவான். அப்படி அழுத்தி அழுத்தித்தான் அது முறிந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மட்டமான இரும்பு என்று மட்டும் சொன்னார்.

புது ஸ்டட்டை வாங்கி வந்து மாட்டியது மாப்பிள்ளை. நேற்று முழுக்க இங்கேயே கிடந்தாராம். மாவு பிசைகிற கை.

காலையில் காபியை வைத்துக்கொண்டே மகள் பேச்செடுத்தாள்.

"நீங்க போய்ப் பாருங்கப்பா, வேணாம்னு சொல்லல. ஆனா சரியா இருந்தா, சரியா இருக்குன்னு அவர்கிட்ட உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"சரியா இருந்தாத்தானே."

"இருந்தா."

"நான் சொன்னாத்தான் வண்டி ஓடுமோ?"

"வண்டி ஓடும்" என்றாள் மகள். அவள் குரல் உயரவில்லை, அதுதான் அவருக்கு உறைத்தது. "நாங்க திரும்பி வர்றதுக்குத்தான் அந்த வார்த்தை வேணும். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவரை நீங்க ஒரு தடவைகூட நல்லா சொன்னதில்ல. இனிமே என்னால முடியாதுப்பா. அங்க உங்களுக்குன்னு ஒரு ரூம் வச்சிருக்கோம். வர்றதா இருந்தா இன்னைக்கே எங்ககூட வாங்க. இல்லன்னா நாங்களும் இந்தப் பக்கம் வரமாட்டோம்."

"அந்த மாவு வாடையில எனக்குத் தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டுக் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினார்.

ஆக, ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லாமல் தப்பிக்க வேண்டுமானால் அந்த ஸ்டட் சரியாக உட்காராமல் இருக்க வேண்டும். உட்கார்ந்திருக்காது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தெரியாதவன் நட்டை முறுக்கியே ஸ்டட்டை இழுப்பான், பாதி வந்ததும் இறுகிவிட்ட மாதிரி இருக்கும், டக் என்று ரெஞ்சும் சத்தம் கொடுக்கும். வண்டி ஓட ஓட ஸ்டட் மீதித் தூரம் உள்ளே போகும், நட்டு தளரும். மலைப்பாதையில் நாலு வளைவு போதும். சக்கரத்தைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ரெஞ்ச் கொடுத்த சத்தத்தை நம்பாமல் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினார். நட்டுகளைக் கழற்றி, எப்போதும் செய்வதுபோல மஞ்சள் துணியை நாலாக மடித்து விரித்து, அதன்மேல் வரிசையாக நிற்க வைத்தார். அந்தத் துணியை யாரும் தொடக்கூடாது. போன வாரம் பேத்தி அதிலிருந்து ஒரு நட்டை எடுத்தபோது கையில் ஒரு தட்டு தட்டினார். குழந்தை அழக்கூட இல்லை. கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது.

சக்கரத்தை இழுத்துச் சுவரில் சாய்த்தார். குனிந்து ஹப்பைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். விளக்கு அணைந்தது.

எரிச்சலோடு கையைத் தூக்கி ஆட்டினார். எரிந்தது. கூடவே அந்தக் கோடியில், காலித் தூண் ஒன்றின் மேலும் ஒரு விளக்கு எரிந்தது.

அங்கே யாரும் இல்லை. துணி போட்ட ஒரு வண்டி, ஒரு தண்ணீர்க் குழாய், ஈரத் தரை. காவல்காரராக இருக்கும் என்று நினைத்தார். வேலை நேரத்தில் தூங்குவதற்கு இடம் தேடுகிற ஆள்.

"யாருப்பா அது?"

குழாய் சொட்டியது. கொஞ்ச நேரத்தில் அந்த விளக்கு அணைந்தது. அணைந்ததும், அதற்கு இந்தப் பக்கத்துத் தூணின் விளக்கு எரிந்தது.

எலியாக இருக்கும் என்றார் தனக்குத்தானே. எலிக்கெல்லாம் எரிகிற விளக்கு. இதை வாங்கினவனையும் விற்றவனையும் ஒன்றாக நிற்க வைத்து அறைய வேண்டும். இப்படித் திட்டுவது அவருக்கு எப்போதும் கை கொடுக்கும். இன்றும் கொடுத்தது, ஆனால் கழுத்துக்குப் பின்னால் வியர்த்திருந்ததை அவர் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பெட்டியிலிருந்து கம்பி முனையில் வட்டக் கண்ணாடி வைத்த கருவியை எடுத்தார், பல் டாக்டர் வாய்க்குள் விட்டுப் பார்ப்பது மாதிரி. கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியை ஹப்புக்குப் பின்னால் நீட்டினார். பழைய ஸ்டட்டுகளின் தலைகள் துருவும் தூசுமாக, ஒட்டி உட்கார்ந்திருந்தன. ஐந்தாவது புதுசு. பளபளவென்று இருந்தது. அதன் தலை ஹப்பின் முதுகோடு ஒட்டியிருந்தது, மயிரிழை இடைவெளி இல்லை. நம்பாமல் இடைவெளி பார்க்கிற மெல்லிய தகட்டைச் செருகிப் பார்த்தார். நுழையவில்லை. அதைவிட மெல்லிய தகட்டை எடுத்தார். அதுவும் நுழையவில்லை. பழைய துருவைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, பொறுமையாக உட்கார வைத்த வேலை. தொழிற்சாலையில் இப்படி ஒரு வேலை வந்திருந்தால் கறார் சாரே முத்திரை குத்தி அனுப்பியிருப்பார்.

சந்தோஷப்பட வேண்டிய மனுஷன். மகளும் பேத்தியும் போகிற வண்டி. ஆனால் அவருக்கு வாயெல்லாம் கசந்தது. சரியா இருக்கு மாப்ள. மூன்றே வார்த்தை. அதைச் சொல்லிப் பார்க்க உதட்டைக் கூட்டினார், உதடு ஒட்டிக்கொண்டது.

கண்ணாடியை வெளியே இழுக்கும்போது அது சற்றே திரும்பியது. வட்டத்துக்குள் வண்டியின் அடிப்பக்கம் தெரிந்தது. அதற்கு அப்பால், வண்டியின் மறுபக்கச் சக்கரத்துக்குப் பக்கத்தில், இரண்டு பாதங்கள். குந்தி உட்கார்ந்திருக்கிற ஆளின் பாதங்கள். தோல் செருப்பு. இடது குதிகால் ஓரமாகத் தேய்ந்து, வார் அறுந்த இடத்தில் கறுப்பு நூலால் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்திருந்தது.

கறார் சார் தன் காலைப் பார்த்தார். இடது செருப்பில் கறுப்பு நூல். கடைக்காரன் தையலை நம்பாமல் அவரே தைத்தது.

எழுந்தார். முழங்கால் முறிகிற சத்தம் கேட்டது. மறுபக்கமும் அதே சத்தம் கேட்டது.

வண்டியைச் சுற்றிப் போனார். யாரும் இல்லை. ஆனால் தைல வாசனை இருந்தது. தலைவலிக்கு அவர் நெற்றியில் தடவிக்கொள்கிற தைலம். இன்று காலை அவர் அதைத் தடவவில்லை.

எவனோ விளையாடுகிறான் என்று நினைத்தார். மாப்பிள்ளையாகத்தான் இருக்கும் என்று நினைக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்த மனுஷனுக்கு இவ்வளவு விஷமம் கிடையாது. சட்டென்று கோபம் வந்தது. பயந்துவிட்டோம் என்ற கோபம், அந்த ஸ்டட் சரியாக இருக்கிறதே என்ற கோபம். அந்தக் கோபத்தில்தான் அந்த யோசனையும் வந்தது.

நாலு நட்டை ஒழுங்காக முறுக்குவோம். ஐந்தாவதை, மாப்பிள்ளை போட்ட ஸ்டட்டில் இருப்பதை, விரலால் மட்டும் திருகி விடுவோம். வண்டி கிளம்பி, வெளியே போகிற மேட்டில் ஏறும்போது கையைக் காட்டி நிறுத்துவோம். ஏதோ சத்தம் கேக்குதே மாப்ள, இறங்குங்க என்று சொல்லி, எல்லார் முன்னாலும் அந்த நட்டைக் கையாலேயே கழற்றிக் காட்டுவோம். ஆபத்து ஒன்றும் இல்லை, மேட்டைத் தாண்டுவதற்குள் நிறுத்திவிடப் போகிறோம். சொல்ல வேண்டிய வார்த்தையும் மிச்சம்.

இப்படி ஒரு கேவலத்தை வேறு எவனாவது செய்திருந்தால் அவனை வாழ்நாள் முழுக்க மன்னித்திருக்க மாட்டார். தான் செய்யும்போது அது பாடம் புகட்டுவதாகத் தோன்றியது.

சக்கரத்தை மாட்டினார். ஜாக்கியை இறக்கினார். முதல் நட்டில் ரெஞ்சை வைத்தார். இழுப்பதற்கு முன்னால்,

டக்.

மறுபக்கத்திலிருந்து. மிகப் பக்கத்தில்.

அவர் கை ரெஞ்சிலேயே நின்றது. பிறகு இழுத்தார். டக். அடுத்த நட்டு. அவர் குனிவதற்குள் அங்கே டக். பிறகு இவருடையது. இப்போது எதிரொலி யார் என்று அவருக்குத் தெரியவில்லை. மூன்றாவது. நாலாவது. உள்ளங்கை வழுக்கியது. நிமிர்ந்து வண்டியின் கண்ணாடி வழியாக மறுபக்கம் பார்க்கலாம். நிமிரவில்லை.

ஐந்தாவது நட்டை விரலால் திருகினார். அது நிற்கிற இடத்தில் விட்டார்.

இந்தத் தடவை டக் கேட்கவில்லை. மறுபக்கத்திலிருந்து மூக்கால் விடுகிற ஒரு சத்தம் வந்தது.

"ஹும்."

விளக்கு அணைந்தது.

கையை ஆட்டினார். எரியவில்லை. இரண்டு கையையும் ஆட்டினார். எழுந்து நின்று ஆட்டினார். இருட்டு. குழாய் சொட்டுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. வண்டியைத் தொட்டுக்கொண்டு நகர்ந்தார். தகரம் குளிர்ந்தது. அப்போது செருப்புச் சத்தம். சரக், சரக் என்று இடது காலை இழுத்து இழுத்து. அது போகிற வழியெல்லாம் விளக்கு எரிந்தது. ஒரு தூண். அடுத்த தூண். அதற்கடுத்தது. லிஃப்ட் வரைக்கும்.

லிஃப்ட் திறந்தது.

மகள், தோளில் பை. மாப்பிள்ளை, இரண்டு கையிலும் பெட்டி. பேத்தி, கையில் ஒரு பொம்மை. அவர்கள் எதிரில், விளக்கின் நேர் கீழே, முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஆள். நரைத்த தலை. சாம்பல் நிறச் சட்டை. மஞ்சள் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பாத்தீங்களாப்பா?" என்றாள் மகள். அவள் குரலில் பயம் இருந்தது.

"பாத்தேன்மா. கழட்டியே பாத்துட்டேன்." கறார் சாரின் குரல். ஆனால் அவர் ஒரு நாளும் பேசாத இதமான குரல். "சரியா இருக்கு மாப்ள. ரொம்ப சரியா உக்காந்திருக்கு. நான் செஞ்சிருந்தாக்கூட இப்படி வந்திருக்காது."

மாப்பிள்ளை பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டார். சிரித்தார். "நட்டெல்லாம் டைட்டா இருக்கா மாமா?"

"நானே பாத்துட்டேன். நீங்க கவலைப்படாதீங்க."

மகள் அந்த ஆளின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "எங்ககூட வந்துடுங்கப்பா" என்றாள்.

"வர்றேன்மா. அதுக்குத்தான் வந்தேன்."

கறார் சார் கத்தினார். தொண்டை கிழியக் கத்தினார். அது நான் இல்லம்மா, நான் இங்க இருக்கேன், நட்டு லூசா இருக்கு, வண்டியை எடுக்காதீங்க. கத்தியது அவர் காதிலேயே விழவில்லை. ஓடினார். அவர் ஓடிய வழியில் ஒரு விளக்கும் எரியவில்லை. மகளின் கையைப் பிடித்தார். அவள் கையை மெல்லத் தேய்த்துக்கொண்டாள்.

"இங்க என்ன இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

"கீழ்த்தளம் இல்லையா, அப்படித்தான் இருக்கும்" என்றார் மாப்பிள்ளை.

அவர்கள் ஏறினார்கள். மாப்பிள்ளை ஓட்டும் இடத்தில், மகள் பக்கத்தில். பின்னால் பேத்தியும் அந்த ஆளும். இயந்திரம் முனகியது. கறார் சார் வண்டியின் முன்னால் போய் நின்றார். முன்விளக்குகள் எரிந்தன. அந்த வெளிச்சம் அவர்மேல் விழவில்லை, அவருக்குப் பின்னால் இருந்த சுவரில் விழுந்தது. சுவரில் அவர் நிழல் இல்லை. வண்டி நகர்ந்து வந்தது. அவர் ஒதுங்கினாரா, வண்டி அவரைக் கடந்ததா என்பது அவருக்கே தெரியவில்லை.

இடது முன்சக்கரம் அவர் கண்முன்னே மெதுவாகச் சுற்றிக்கொண்டு போனது. அதில் ஒரு நட்டுக்கூட இல்லை. ஐந்து ஸ்டட்டும் மொட்டையாகச் சுற்றின. நாலு துரு. ஒன்று பளபளப்பு.

பின்கண்ணாடி அவர் முகத்துக்கு நேராக வந்தது. அந்த ஆள் திரும்பி அவரைப் பார்த்தான். மடியில் நாலாக மடித்த மஞ்சள் துணி. துணிமேல் ஐந்து நட்டுகள், வரிசையாக. பேத்தி அதில் ஒன்றைத் தொட்டுவிட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கப் போனாள். அவன் அவள் கையைத் தட்டவில்லை. அந்தச் சின்னக் கையை இழுத்து, விரித்து, உள்ளங்கையில் ஒரு நட்டை வைத்து மூடினான். பிறகு மூக்கால் ஒரு மூச்சு விட்டான். கண்ணாடியில் வட்டமாக ஆவி படிந்தது.

வண்டி மேட்டில் ஏறி, வெயிலில் கலந்து, மலைப்பாதைப் பக்கம் திரும்பியது. மேட்டு வாசலின் இரும்புக் கதவு இறங்கியது. லிஃப்டின் பக்கத்திலிருந்து ஒவ்வொரு விளக்காக அணைந்துகொண்டே வந்தது. கடைசி விளக்கின் கீழே நின்றுகொண்டு கறார் சார் கையை ஆட்டினார். அது அணைந்தது.

இருட்டில் அவர் இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.